ஸ்ட்ரட்டை மாற்றச் சொல்கிறார்களா? முதலில் அந்தச் சின்னக் குழாயைப் பாருங்கள்

உங்கள் கேள்வி இதுதான்: 1996 சிட்ரோயன் ஸான்தியா. முன்பக்க வலது சக்கரத்தின் உள்பக்கம் பச்சை எண்ணெய் வழிகிறது. மாதம் அரை லிட்டர் ஊற்ற வேண்டியிருக்கிறது. காட்டிய கராஜில், "சக்கரத்தைத் தாங்கும் ஸ்ட்ரட் போய்விட்டது, அதை மாற்றும் செலவுக்கு இந்த வண்டி பெறாது" என்று சொல்லிவிட்டார்கள். மேலே போகும் மெல்லிய குழாயையும் கிளிப்புகளையும் மட்டும் மாற்றினால் சரியாகுமா, அதை நீங்களே செய்ய முடியுமா?

பெரும்பாலும் சரியாகும், நீங்களே செய்யலாம். ஆனால் ஒரு சின்னப் பரிசோதனையைச் செய்துவிட்டு முடிவெடுங்கள். அதுவரை தயவுசெய்து ஸ்ட்ரட்டை வாங்காதீர்கள், வண்டியையும் உடைக்கிற இடத்துக்கு அனுப்பாதீர்கள். பாரிஸ் புறநகரில் இருபது வருஷத்துக்கு மேல் இந்த வண்டிகளோடுதான் இருக்கிறேன். ஸ்ட்ரட் கெட்டது என்று ஒதுக்கப்பட்ட வண்டிகளில் விரலளவு ரப்பர் கிழிந்திருந்ததைத் தவிர வேறு குறையே இல்லாததை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தக் குழாய் எதற்காக இருக்கிறது என்று புரிய வேண்டும். மற்ற கார்களில் ஸ்ட்ரட் என்றால் ஒரு ஸ்பிரிங், உள்ளே ஒரு ஷாக் அப்சார்பர். ஸான்தியாவில் ஸ்பிரிங்கே கிடையாது. ஸ்ட்ரட்டுக்குள் ஒரு பிஸ்டன், அதன் மேலே எல்.எச்.எம். என்ற பச்சை எண்ணெய், அதற்கும் மேலே ஸ்பியர் என்கிற இரும்புக் குண்டு. குண்டுக்குள் ஒரு ரப்பர் சவ்வு, சவ்வின் மறுபக்கம் நைட்ரஜன் வாயு. சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது எண்ணெய் அந்த வாயுவை அமுக்குகிறது, ஸ்பிரிங்கின் வேலையை வாயு பார்த்துக்கொள்கிறது. பால் மாஜெஸ் என்ற சிட்ரோயன் பொறியாளர் உருவாக்கிய ஏற்பாடு இது. 1954-இல் ட்ராக்சியோன் காரின் பின்பக்கத்தில் மட்டும் வைத்துப் பார்த்தார்கள். 1955 பாரிஸ் கண்காட்சியில் டி.எஸ். என்ற புதுக் கார் வந்தபோது நான்கு சக்கரத்துக்கும் வந்துவிட்டது. முதல் நாள் முடிவதற்குள் 12,000 பேர் அந்தக் காருக்குப் பதிவு செய்தார்கள். இன்று திருவள்ளூரில் தயாராகும் சிட்ரோயன் கார்களில் இது இல்லை என்பதால், ஊரில் இருக்கிறவர்களுக்கு இந்த அமைப்பு கேள்விப்படாததாக இருக்கலாம்.

இனி விஷயத்துக்கு வருவோம். அந்தப் பிஸ்டனும் சிலிண்டரும் ஒன்றோடொன்று தேயாமல் ஓட வேண்டுமானால் எண்ணெய்ப் பூச்சு வேண்டும். அதனால் பிஸ்டன் சீலைத் தாண்டி ஒரு சொட்டு, இரண்டு சொட்டு எண்ணெய் கசிந்துகொண்டே இருக்கும். இது பழுது இல்லை, இப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். கசிந்த எண்ணெயை ரப்பர் பூட் என்கிற உறை பிடித்துக்கொள்ளும். அங்கிருந்து மெல்லிய குழாய் ஒன்று அதைத் திரும்பவும் எண்ணெய்த் தொட்டிக்குக் கொண்டுபோகும். இதைத்தான் ரிட்டர்ன் குழாய் என்கிறோம். இதில் அழுத்தம் என்று எதுவும் இல்லை. அழுத்தம் உள்ள குழாய் வேறு, மெல்லிய இரும்புக் குழாய், அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

முப்பது வருஷம் என்ஜின் சூட்டிலும் எண்ணெயிலும் கிடந்தால் ரிட்டர்ன் குழாயின் பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி நொறுங்கும். அதை ஸ்ட்ரட்டோடு சேர்க்கிற ரப்பர் முனை வெடித்துவிடும். அப்போது தொட்டிக்குத் திரும்ப வேண்டிய அந்தச் சொட்டுகள் ஸ்ட்ரட்டின் வெளிப்பக்கமாக வழிந்து சக்கரத்துக்கு வரும். கீழே இருந்து பார்க்கிறவருக்கு ஸ்ட்ரட் முழுக்க நனைந்திருப்பதுதான் தெரியும். சாதாரணக் காரில் ஷாக் அப்சார்பர் நனைந்திருந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும். அந்தப் பழக்கத்தில் இதையும் மாற்றச் சொல்கிறார்கள்.

மாதம் அரை லிட்டர் என்று நீங்கள் சொன்னதே எனக்கு நல்ல சேதியாகப் படுகிறது. சீல் உண்மையிலேயே கிழிந்திருந்தால் கணக்கு மாதத்தில் நிற்காது, தினமும் ஊற்ற வேண்டியிருக்கும்.

பரிசோதனை இப்படி. பானெட்டைத் திறந்து, வலது ஸ்ட்ரட்டிலிருந்து வரும் ரிட்டர்ன் குழாய் எங்கே போய்ச் சேர்கிறது என்று கண்ணாலேயே தொடர்ந்து பாருங்கள். பல கிளைகள் உள்ள ஒரு கறுப்பு ரப்பரில் போய் முடியும். இங்கே எல்லோரும் அதைப் 'பியூவ்ர்' என்பார்கள், எட்டுக்கால் கணவாய் என்று அர்த்தம், பார்த்தால் அப்படித்தான் இருக்கும். அந்த முனையைக் கழற்றி ஒரு கண்ணாடிப் பாட்டிலுக்குள் விடுங்கள். கணவாயின் காலை ஒரு போல்ட்டால் அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மற்ற கிளைகளின் எண்ணெய் அங்கே வழியும். வண்டி வழக்கமான உயரத்தில் நிற்கட்டும். என்ஜினை ஓடவிட்டுக் கால் மணி நேரம் பாட்டிலைப் பாருங்கள்.

எப்போதாவது ஒரு சொட்டு விழுந்தால் ஸ்ட்ரட் நன்றாக இருக்கிறது. நூல் பிடித்தமாதிரி ஒழுகிக்கொண்டே இருந்தால் சீல் தேய்ந்துவிட்டது, கராஜ்காரர் சொன்னது சரி. பாட்டிலுக்கு ஒன்றுமே வராமல் சக்கரப் பக்கம் மட்டும் நனைந்தால், எண்ணெய் வழியிலேயே வெளியேறுகிறது, குழாயோ முனையோ உடைந்திருக்கிறது. உங்களுடையது இந்த மூன்றாவது வகை என்றுதான் நினைக்கிறேன். இன்னொரு சாத்தியமும் உண்டு: பாட்டிலுக்கும் வராது, வெளியிலும் அதிகம் வழியாது, ஆனால் ரப்பர் பூட் பலூன் போல உப்பியிருக்கும். அப்படியானால் குழாய் அடைத்திருக்கிறது, அல்லது யாரோ கிளிப்பை இறுக்கி நசுக்கியிருக்கிறார்கள். அதை அப்படியே விட்டால் பூட் வெடிக்கும்.

எங்கே வழிகிறது என்று உறுதியாகத் தெரிந்துகொள்ள, அந்த இடத்தைப் பிரேக் கிளீனரால் நன்றாகக் கழுவிக் காயவிட்டு, குழந்தைகளுக்குப் போடும் டால்கம் பவுடரைத் தூவுங்கள். ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்துப் பார்த்தால், வெள்ளைப் பவுடரில் பச்சைக் கோடு எந்த இடத்தில் ஆரம்பிக்கிறது என்று தெளிவாகத் தெரியும்.

சரி, வேலைக்கு முன் பாதுகாப்பு. இதை மட்டும் அவசரப்படாமல் படியுங்கள். இந்தக் கார் தானாகவே கீழே இறங்கும். ஸ்டாண்டு இல்லாமல் இதன் கீழே கையைக்கூட விடக்கூடாது. நான் செய்யும் முறை: சமதரையில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்கிறேன். ஸான்தியாவின் ஹேண்ட் பிரேக் முன் சக்கரத்தைத்தான் பிடிக்கும். முன்பக்கத்தைத் தூக்கியதும் அந்தப் பிடி போய்விடும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பிறகு என்ஜினை ஓடவிட்டு, வண்டியின் உயரத்தை மாற்றும் லிவரை மிக உயர்ந்த நிலைக்குத் தள்ளி, வண்டி முழு உயரத்துக்கு வந்ததும், கம்பெனி குறித்திருக்கும் இடங்களில் முன்பக்கம் இரண்டு ஸ்டாண்டு. அப்புறம் லிவரை மிகக் கீழே தள்ளினால் வண்டி ஸ்டாண்டின் மேல் உட்கார்ந்துகொள்ளும், முன் சக்கரங்கள் மேலே ஏறும். ஒரு நிமிஷம் பொறுத்து என்ஜினை நிறுத்துங்கள்.

இதற்குப் பிறகுதான் மிச்சமுள்ள அழுத்தத்தை விட வேண்டும். என்ஜினின் முன்பக்கம் கீழே பிரஷர் ரெகுலேட்டர் இருக்கிறது, அதில் 12 மில்லிமீட்டர் ஸ்பேனர் பிடிக்கும் ஒரு ஸ்க்ரூ. ஒரு சுற்று மட்டும் தளர்த்துங்கள். 'ஸ்ஸ்' என்று எண்ணெய் தொட்டிக்குத் திரும்பும் சத்தம் கேட்கும். முழுக்கக் கழற்றிவிடாதீர்கள். உள்ளே ஒரு சின்ன இரும்புக் குண்டு இருக்கிறது, அது கீழே விழுந்தால் தேடியெடுக்கவே அரை நாள் போய்விடும். லிவரைக் கீழே தள்ளாமல் நேரடியாக இந்த ஸ்க்ரூவைத் தளர்த்துவதும் தவறு. பிற்கால வண்டிகளில் நிறுத்தியபின் இறங்காமலிருக்க வால்வு வைத்திருக்கிறார்கள், அதற்கு அந்தப் பக்கம் அழுத்தம் அப்படியே மாட்டிக்கொண்டிருக்கும்.

அடுத்தது எந்தக் குழாய் வாங்குவது என்பது. இங்கேதான் நல்ல மனசோடு வேலை செய்தவர்கள்கூடச் சறுக்குகிறார்கள். எல்.எச்.எம். மினரல் எண்ணெய். சாதாரண பிரேக் எண்ணெய்க்கான ரப்பர் இதில் ஊறி உப்பிக் கூழாகிவிடும். கண்ணாடி கழுவும் தண்ணீர்க் குழாய் முதல் நாள் அழகாக இருக்கும், கொஞ்ச நாளில் நழுவிவிடும். சிலிகான் குழாயும் எண்ணெய்க்கு உதவாது. நைட்ரைல் ரப்பர்தான் வேண்டும். பெட்ரோல், டீசலுக்குப் போடுகிற நைட்ரைல் ஹோஸ் நன்றாகப் பொருந்தும், எந்த உதிரிபாகக் கடையிலும் மீட்டர் கணக்கில் கிடைக்கும். கம்பெனிக் குழாய் கிடைத்தால் அதையே போடுங்கள், கிடைக்காவிட்டால் மனம் தளர வேண்டாம். கணவாய் முழுவதையுமே நைட்ரைல் ஹோஸும் டி வடிவ இணைப்புகளும் வைத்துச் செய்துகொண்டவர்கள் நிறைய இருக்கிறார்கள். அளவுக்கு, முனையின் வெளிவிட்டத்தை வெர்னியரில் அளந்து, அதைவிட அரை மில்லிமீட்டரோ ஒரு மில்லிமீட்டரோ உள்விட்டம் குறைந்த ஹோஸை வாங்குங்கள்.

இதே காரணத்தால்தான் தொட்டியில் தவறியும் பிரேக் எண்ணெயை ஊற்றக்கூடாது. பழைய டி.எஸ். காரில் 1966 வரை சிவப்பு எண்ணெய் இருந்தது, அது வேறு வகை, அதற்கான சீல்களும் வேறு. பச்சைக்குப் பச்சை மட்டுமே.

பழைய முனையைக் கழற்றும்போது இழுக்காதீர்கள். நீங்கள் பிடித்து இழுக்கும் ரப்பருக்குள்ளே இருப்பது ஒரு பிளாஸ்டிக் மூக்கு, ஹோஸோடு சேர்ந்து அதுவும் ஒடிந்து வந்துவிடும். அது ஒடிந்தால்தான் உண்மையாகவே பெரிய வேலை. கூர்மையான பிளேடால் ஹோஸை நீளவாக்கில் கீறுங்கள், குறுக்கே வேண்டாம். கத்தி முனை பிளாஸ்டிக்கைத் தொடாத ஆழத்துக்குக் கீறிவிட்டு, வாழைப்பழத் தோல் உரிப்பதுபோல இரண்டு பக்கமும் விரித்தால் தானாகக் கழன்றுவரும். மூக்கைத் துணியால் துடைத்து, விரல் நகத்தால் சுற்றிலும் தடவிப் பாருங்கள். நகம் எங்காவது மாட்டினால் கீறல் இருக்கிறது, அங்கே பிறகு கசியும். மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துச் சமன் செய்யலாம். மூக்கின் துளை திறந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள், முப்பது வருஷ அழுக்கு அங்கேதான் கட்டியாக உட்கார்ந்திருக்கும்.

புது ஹோஸின் முனையைச் சூடான தண்ணீரில் ஒரு நிமிஷம் போட்டு எடுத்துத் துடைத்து, உள்ளே ஒரு சொட்டு எல்.எச்.எம். தடவி, முறுக்கி முறுக்கி ஏற்றினால் வெண்ணெய் போல ஏறும். வேறு கிரீஸ் எதுவும் வேண்டாம். மாட்டும் முன் ஒரு பக்கம் வாயை வைத்து ஊதிப் பாருங்கள், காற்று தடையில்லாமல் போக வேண்டும்.

கிளிப்பைப் பற்றி. கடையில் கேட்டால் ஸ்க்ரூ வைத்த, பட்டையில் வரிவரியாகத் துளை வெட்டிய கிளிப்பைத்தான் முதலில் தருவார்கள். ரேடியேட்டர் ஹோஸுக்கு அது அருமையான பொருள், இங்கே வேண்டாம். இவ்வளவு சின்ன ஹோஸில் அந்தப் பட்டை வட்டமாக வளையாது, முட்டை வடிவத்தில் நிற்கும். அதன் துளைகள் ரப்பரைத் துருவிவிடும். அதோடு, இதில் அழுத்தமே இல்லையே, அந்த அளவு இறுக்கம் எதற்கு? ஓரம் மழுங்கிய பட்டையுள்ள, சின்ன போல்ட் வைத்த பெட்ரோல் ஹோஸ் கிளிப்போ, வண்டியிலேயே வரும் ஸ்பிரிங் வகைக் கிளிப்போ போடுங்கள். காது வைத்த கிளிப்பைக் கிடுக்கியால் நெரிப்பதும் சரி, ஆனால் அதை ஒருமுறைதான் பயன்படுத்தலாம். இறுக்கம் எவ்வளவு என்றால், ஹோஸைக் கையால் திருகினால் சுற்றக்கூடாது, ஆனால் கிளிப்பின் இரு பக்கமும் ரப்பர் பிதுங்கவும் கூடாது. பிதுங்கினால் உள்ளே மூக்கு நசுங்குகிறது என்று பொருள். பலூன் போல உப்பிய பூட்டுகள் பலவற்றுக்குக் காரணம் இப்படி அளவுக்கு மீறி இறுக்கிய கிளிப்தான்.

குழாயை எந்த வழியாகக் கொண்டுபோகிறீர்கள் என்பதும் முக்கியம். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஸ்ட்ரட்டும் கூடவே திரும்பும், வண்டி ஏறி இறங்கும்போது மேலும் கீழும் போகும். அதனால் ஹோஸில் ஒரு தளர்வான வளைவு விட வேண்டும். மாட்டி முடித்ததும் ஸ்டியரிங்கை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை திருப்பி, ஹோஸ் எங்கும் இழுபடவில்லை, டிரைவ் ஷாஃப்டைத் தொடவில்லை, மடங்கி முறியவில்லை என்று பாருங்கள். வண்டி தரைக்கு வந்தபின் மிகக் கீழ் உயரத்திலும் மிக மேல் உயரத்திலும் இதையே இன்னொரு முறை செய்யுங்கள்.

அந்தப் பக்கம் கை போயிருக்கும்போதே இரண்டு இடங்களைப் பார்த்துவிடுங்கள். ஒன்று, ஸ்ட்ரட்டின் தலையை உடலோடு பிடித்திருக்கும் ரப்பர் மவுண்ட். ஸான்தியாவில் இந்த ரப்பர் இரும்பிலிருந்து பிரிந்துவிடுவது பேர்போன கோளாறு. மேலே வீங்கித் தெரிந்தாலோ வெடித்திருந்தாலோ அதைத் தள்ளிப்போட வேண்டாம். முழுக்கப் பிரிந்தால் ஸ்ட்ரட்டின் தலை பானெட் வரைக்கும் எகிறிவிடும். மற்றொன்று, வழிந்த எண்ணெய் பிரேக் டிஸ்க்கிலோ பேடிலோ பட்டிருக்கிறதா என்று. டிஸ்க்கை பிரேக் கிளீனரால் கழுவலாம், ஊறிப்போன பேடை மாற்றத்தான் வேண்டும், இரண்டு பக்கமும் சேர்த்து.

இப்போது அந்த மெல்லிய இரும்புக் குழாய்கள். இவற்றின் அழுத்தம் 145 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குக் குறைந்ததும் ரெகுலேட்டர் பம்பை வேலைக்குக் கூப்பிட்டு, 170 பார் ஆனதும் நிறுத்துகிறது. கார் டயரில் இருப்பது இரண்டு, இரண்டரை பார்தான் என்பதை வைத்து இதன் வேகத்தைப் புரிந்துகொள்ளுங்கள். இந்தக் குழாய்களை உடலோடு பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகளையும் பாருங்கள். ஒரு கிளிப் உடைந்தால் குழாய் அதிர்ந்து பக்கத்துக் குழாயோடோ உடலோடோ உரசும். பெயின்ட் போகும், பனிக்காலத்தில் சாலையில் போடும் உப்பு அங்கே பிடிக்கும், பிறகு ஊசித் துளை. மலிவான கிளிப்தான், ஆனால் அது உடைந்ததைக் கவனிக்காமல் விட்டால் பின்னால் முழுக் குழாயையும் மாற்ற வேண்டிவரும். உடைந்த கிளிப்பை மாற்றும் முன் அதன் அடியில் தேங்கிய மண்ணைச் சுரண்டியெடுங்கள், துரு அந்த மண்ணுக்கு அடியில்தான் ஒளிந்திருக்கும்.

அழுத்தக் குழாயில் கசிவு என்று சந்தேகம் வந்தால், என்ஜின் ஓடும்போது விரலால் தடவித் தேடவே கூடாது. ஊசித் துளையிலிருந்து வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காயம் அது. ஒரு அட்டையைப் பிடித்துப் பாருங்கள். பெரும்பாலான இடங்களில் இந்தக் குழாய் 3.5 மில்லிமீட்டர். சாதாரண பிரேக் குழாய் 4.75 மில்லிமீட்டர் என்பதால் எல்லாக் கராஜிலும் இது கிடைக்காது, சிட்ரோயன் வேலை செய்கிறவர்களிடம்தான் வாங்க வேண்டும். ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு குட்டி ரப்பர் சீல் உண்டு, கழற்றினால் புதிதுதான் போட வேண்டும். குழாய் முனை சீலைத் தாண்டி உள்துளையில் சரியாக உட்கார்ந்த பிறகு நட்டைக் கையால் ஏற்றி, ஸ்பேனரால் மெதுவாக இறுக்குங்கள். அந்த இடத்தைக் காப்பது ரப்பர், நட்டின் இறுக்கம் இல்லை. கசிந்தால் இன்னும் இறுக்குவது பயன்படாது, கழற்றி சீலைப் பாருங்கள். உங்களுக்கு இந்தப் பகுதியில் அனுபவம் இல்லையென்றால், ரிட்டர்ன் குழாயோடு நிறுத்திக்கொண்டு இதை மட்டும் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள். பிரேக்கும் இதே எண்ணெயில்தான் ஓடுகிறது.

எல்லாம் மாட்டியதும் தொட்டியில் எல்.எச்.எம். ஊற்றுங்கள். உள்ளே இருக்கும் இரண்டு சல்லடை ஃபில்டர்களையும் எடுத்துப் பெட்ரோலில் கழுவிக் காற்றடித்துக் காயவைத்துப் போடுவது நல்லது, ஐந்து நிமிஷ வேலை. ரெகுலேட்டர் ஸ்க்ரூ தளர்ந்திருக்கும்போதே என்ஜினை ஸ்டார்ட் செய்து ஒரு நிமிஷம் மெதுவாக ஓடவிட்டால் பம்பில் இருக்கும் காற்று வெளியேறும். பிறகு ஸ்க்ரூவை மூடி, வண்டியை முழு உயரத்துக்கு ஏற்றி, ஸ்டாண்டுகளை எடுங்கள். மேலே, கீழே, மேலே, கீழே என்று நாலைந்து முறை லிவரை மாற்றி மாற்றி வையுங்கள். ஒவ்வொரு முறையும் வண்டி முழுக்கப் போய் நிற்கும்வரை பொறுங்கள். எண்ணெய் அளவைப் பார்ப்பது எப்போதும் முழு உயரத்தில், என்ஜின் ஓடும்போதுதான். மஞ்சள் மிதவை இரண்டு சிவப்பு வளையங்களுக்கு நடுவே நிற்க வேண்டும். வழக்கமான உயரத்தில் பார்த்துவிட்டு ஊற்றினால் அளவு தப்பாகும். டாஷ்போர்டில் எரியும் ஸ்டாப் எச்சரிக்கை விளக்கு அணையும்வரை வண்டியை நகர்த்த வேண்டாம்.

கன்ட்ரோல் டெக்னிக், அதாவது பிரான்ஸின் கட்டாய வாகனச் சோதனை, எப்போது என்று நீங்கள் எழுதவில்லை. பக்கத்தில் இருந்தால், போகும் முன் அந்தச் சக்கரத்தின் உள்பக்கம், ஆக்ஸில் பூட், கீழ்க்கை எல்லாவற்றையும் கழுவித் துடைத்துவிடுங்கள். பழைய எண்ணெய் படிந்திருந்தால் நின்றுபோன கசிவும் புதுக் கசிவாகத்தான் தெரியும். வண்டிக்கு 30 வயது ஆனதும் கலெக்சியோன் அட்டை (பழைய கார்களுக்கான தனிப் பதிவு அட்டை) எடுத்துக்கொண்டால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வரும் அந்தச் சோதனை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை என்று மாறும். ஸான்தியாவை வைத்திருக்க நினைக்கிறவர்கள் இதை யோசிக்கலாம்.

பாட்டில் பரிசோதனையை இந்த வாரமே செய்துவிட்டு, கால் மணி நேரத்தில் எத்தனை சொட்டு விழுந்தது, பூட் உப்பியிருக்கிறதா என்ற இரண்டையும் எழுதுங்கள். முடிந்தால் பவுடரில் தெரியும் பச்சைக் கோட்டின் படம் ஒன்றும் அனுப்புங்கள். அதைப் பார்த்து ஹோஸ் எத்தனை சென்டிமீட்டர் வேண்டியிருக்கும், எத்தனை கிளிப் வாங்கலாம் என்று சொல்கிறேன்.